வாடகை ஒப்பந்தத்தில் 'டிடெர்மின்' என்றால் என்ன? ஆங்கிலச் சட்டச் சொற்களைப் புரிந்துகொள்வது எப்படி?

கேள்வி: செந்தூல் மகள்

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் கோலாலம்பூர், செந்தூலில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தையற்கடை நடத்தி வருகிறார். இதுவரை ஒப்பந்தம் என்று எதுவும் இருந்ததில்லை. மாதத் தொடக்கத்தில் வாடகையைக் கொடுப்பார், ஒரு சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்வார், அத்துடன் சரி. இப்போது கட்டடம் கைமாறிவிட்டது. புதிய உரிமையாளர் பதினெட்டுப் பக்க ஆங்கில ஒப்பந்தம் ஒன்றைக் கொடுத்து, இரண்டு வாரத்தில் கையெழுத்திட்டுத் தருமாறு கேட்டிருக்கிறார். வீட்டில் படித்தவள் என்பதால் அது என் கைக்கு வந்து சேர்ந்தது.

எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று சொல்ல முடியாது. தமிழ்ப்பள்ளியிலும் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்தேன்; எஸ்.பி.எம். தேர்வில் ஆங்கிலத்தில் நல்ல தேர்ச்சி. அலுவலகத்தில் நாள் முழுவதும் அம்மொழியில்தான் மின்னஞ்சல் எழுதுகிறேன். ஆனால் இந்த ஒப்பந்தத்தில் சொற்கள் பெரும்பாலும் தெரிந்தவையாகவே இருந்தும் வாக்கியங்களின் பொருள் பிடிபடவில்லை. கடையை எல்லா இடத்திலும் 'டிமைஸ்ட் பிரிமிசஸ்' என்று குறிப்பிடுகிறார்கள். 'டிமைஸ்' என்றால் இறப்பு என்றே படித்திருக்கிறேன். வாடகைதாரருக்குக் 'குவயட் என்ஜாய்மென்ட்' உண்டு என்று ஒரு பிரிவு சொல்கிறது. அதை வாசித்துக் காட்டியதும் அப்பா, "சத்தம் போடக் கூடாது என்கிறார்களா? எட்டு மெஷின் ஓடுகிறதே" என்று கவலைப்பட்டார்.

எல்லாவற்றிலும் குழப்பமானது ஒன்பதாவது பிரிவு. வாடகை ஏழு நாளுக்கு மேல் நிலுவையில் இருந்தால் உரிமையாளர் கடைக்குள் மீண்டும் நுழையலாம், 'அதன்பேரில் இந்த வாடகை டிடெர்மின் ஆகும், ஆனால் முந்தைய மீறல் குறித்த உரிமையாளரின் ஆக்‌ஷன் உரிமைக்கு வித்தவுட் பிரெஜுடிஸ்' என்று அது முடிகிறது. 'வாடகை தீர்மானிக்கும், ஆனால் பாரபட்சமின்றி' என்று நான் மொழிபெயர்த்தேன். அதற்கு ஒரு பொருளும் இல்லை என்பது எனக்கே தெரிகிறது.

சட்டத்தில் வரும் இருநூறு இலத்தீன் சொற்களை மனப்பாடம் செய்துகொண்டால் எந்த ஆவணத்தையும் படித்துவிடலாம் என்று தோழி ஒருத்தி சொல்கிறாள். அது உண்மையா? இப்படிப்பட்ட ஆவணத்தை நீங்கள் எப்படிப் படிப்பீர்கள்? வழக்கறிஞரிடம் போகத்தான் போகிறோம். ஆனால் அவர் முன்னால் உட்காரும்போது எதைக் கேட்க வேண்டும் என்றாவது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.


மறுமொழி 1: லைட் தெரு குமாஸ்தா

வணக்கம் அம்மா. பினாங்கில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் முப்பத்தோராண்டு குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சட்டம் படித்தவன் அல்லன். ஆவணங்களைத் தட்டச்சு செய்தும், நகலெடுத்தும், உயர் நீதிமன்றத்துக்குச் சுமந்து சென்றும் கற்றுக்கொண்டவன். ஆகவே நான் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இலத்தீன் பட்டியலை விட்டுவிடுங்கள். 'பிரைமா ஃபேசி', 'இன்டர் ஆலியா' போன்றவை அயலார் முகத்துடன் வருவதால் அவற்றைக் கண்டதுமே நாம் அகராதியைத் திறந்துவிடுகிறோம். அவற்றால் ஏமாந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆளைக் கவிழ்ப்பவை தெரிந்தவர் முகத்துடன் வரும் சொற்கள். 'ஆக்‌ஷன்' என்றால் சட்டத்தில் வழக்கு. 'இன்ஸ்ட்ருமென்ட்' என்றால் ஆவணம். 'எக்ஸிகியூட்' என்றால் ஆவணத்தில் முறைப்படி கையெழுத்திட்டு அதை நிறைவுசெய்தல். தூக்குமேடையை நினைக்க வேண்டாம். 'சேவ்' என்றால் பல இடங்களில் 'தவிர' என்று பொருள். இவற்றில் எதற்கும் நீங்கள் அகராதியைத் திறந்திருக்க மாட்டீர்கள், ஏனென்றால் தெரியும் என்றே நினைத்திருப்பீர்கள்.

ஒருமுறை கணவரை இழந்த ஓர் அம்மையார், மகன் படித்துச் சொன்னதைக் கேட்டுப் பதறிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். சொத்தில் பாதி 'பிரச்சினைக்குப்' போய்விடும் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறதாம். எடுத்துப் பார்த்தால் அந்தச் சொல் 'இஷ்யூ'. உயில் எழுதாமல் இறந்த முஸ்லிம் அல்லாதவரின் சொத்தைப் பங்கிடுவதற்கான 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டத்தில் 'இஷ்யூ' என்பது பிள்ளைகளையும், இறந்துபோன பிள்ளைகளின் வழிவந்தவர்களையும் குறிக்கும். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூவரும் இருந்தால் மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்கு அரை, பெற்றோருக்குக் கால். அந்த அரைப் பங்குதான் 'பிரச்சினைக்கு'ப் போன பங்கு. படித்துச் சொன்ன மகனே அந்தப் பங்குக்கு உரியவன் என்பதைச் சொன்னதும் அம்மையார் சிரித்துவிட்டார்.

இனி உங்கள் சொற்களுக்கு வருகிறேன். 'டிமைஸ்' என்பதன் பழைய பொருள், உரிமையை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு விடுதல். நிலத்தையோ வீட்டையோ வாடகைக்கு விடுவதும் அதில் அடங்கும். மன்னர் இறந்தால் முடியுரிமை அடுத்தவருக்குப் போகும் அல்லவா? அந்தக் கைமாற்றத்தைக் குறிக்கவும் இதே சொல் வழங்கியதால், பின்னாளில் அதற்கு இறப்பு என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. உங்கள் ஒப்பந்தத்தில் 'டிமைஸ்ட் பிரிமிசஸ்' என்பது 'வாடகைக்கு விடப்பட்ட இடம்', அவ்வளவுதான்.

'குவயட் என்ஜாய்மென்ட்' உங்கள் தந்தையாருக்கு எதிரான பிரிவு அன்று. அவருக்காக எழுதப்பட்ட பிரிவு. அவர் வாடகையைக் கொடுத்து ஒப்பந்தத்தின்படி நடக்கும் வரை, உரிமையாளரோ அவர் வழியாக உரிமை கோருபவரோ குறுக்கிடாமல், அவர் இடத்தைத் தடையின்றி அனுபவிக்கலாம் என்ற உறுதிமொழி அது. தமிழில் 'அனுபவ பாத்தியம்' என்று பழைய பத்திரங்களில் எழுதுவார்களே, அந்த 'அனுபவம்'தான் இந்த 'என்ஜாய்மென்ட்'. இன்பம் துய்ப்பதற்கும் சத்தத்துக்கும் இதில் இடமில்லை. எட்டு மெஷினும் ஓடட்டும். ஆனால் அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை தருவது பற்றி வேறு ஒரு பிரிவு இருக்கும், அதைத் தனியே தேடிப் படியுங்கள்.

'டிடெர்மின்' என்பதற்கு நம் 'முடிவு' என்ற சொல்லையே நினைத்துக்கொள்ளுங்கள். 'முடிவு செய்தேன்' என்றால் தீர்மானித்தேன். 'முடிவுக்கு வந்தது' என்றால் தீர்ந்தது. நமக்கு ஒரு சொல்லில் இரண்டு பொருளும் இருப்பதைப் போலவே அவர்களுக்கும் இருக்கிறது. அன்றாட ஆங்கிலத்தில் முதற்பொருளும் ஒப்பந்தத்தில் இரண்டாம் பொருளும் ஆட்சி செய்கின்றன. உங்கள் ஒன்பதாம் பிரிவில் வாடகை உரிமை முடிவுக்கு வருகிறது. இதைச் சிறிய விஷயமாக நினைக்க வேண்டாம். 1956ஆம் ஆண்டுக் குடிமையியல் சட்டத்தின் 28ஆவது பிரிவின்படி, வாடகை 'டிடெர்மினேஷன்' ஆன பிறகும் இடத்தை விடாமல் இருப்பவரிடம், உரிமையாளர் விரும்பினால் இரு மடங்கு வாடகை கேட்கலாம். 'தீர்மானம்' என்று படித்துவிட்டு இருப்பவர், தாம் இரு மடங்குக்குக் கடன்பட்டுக்கொண்டிருப்பதை அறியவே மாட்டார்.

இன்னும் ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள்: 'டிஸ்ட்ரெஸ்'. மனவேதனை என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள். 1951ஆம் ஆண்டு 'டிஸ்ட்ரெஸ்' சட்டம் என்று ஒன்று நம் நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. வாடகை நிலுவைக்காக, நீதிமன்ற ஆணை பெற்று, வாடகைதாரர் இடத்தில் உள்ள அசையும் பொருள்களைக் கைப்பற்றி விற்பதற்கு அது வழிசெய்கிறது. பன்னிரண்டு மாத நிலுவை வரை கேட்கலாம். மனு போடும்போது வாடகைதாரரை அழைக்க வேண்டியதில்லை. தையற்கடைக்கு ஓர் ஆறுதல் உண்டு: தொழில் முறையில் வேலை செய்து கொடுப்பதற்காக வாடகைதாரர் கையில் இருக்கும் பிறர் பொருளுக்கு அச்சட்டம் விலக்கு அளிக்கிறது. அதாவது வாடிக்கையாளர் தைக்கக் கொடுத்த துணி தப்பும்.

இவ்வளவு குழப்பமும் எங்கள் ஊர் வழியாகத்தான் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1807ஆம் ஆண்டு நீதிப் பட்டயத்தின் வழி பினாங்கில் நீதிமன்றம் ஏற்பட்டபோதுதான் ஆங்கிலச் சட்டம் முறைப்படி இந்த மண்ணில் இறங்கியது. கப்பலில் சட்டத்தோடு அதன் பழஞ்சொற்களும் வந்து இறங்கின. கொண்டுவந்தவர்கள் போய்விட்டார்கள், சொற்கள் போகவில்லை.


மறுமொழி 2: பதவுரைக்காரன், கோலாலம்பூர்

குமாஸ்தா ஐயா சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். நான் மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றுக்கும் இடையே ஆவண மொழிபெயர்ப்புச் செய்து வருகிறேன். என் அனுபவத்தில், சொற்களின் வரலாறு சுவையாக இருந்தாலும், கையெழுத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அது உதவாது. ஒரு சொல்லின் பொருள் தெரிந்த பிறகும் வாக்கியம் புரியாமல் நிற்பவர்களே மிகுதி. சகோதரியின் சிக்கலும் பாதி அதுதான்.

தமிழ் படித்தவர்களுக்கு இதற்கு ஒரு கருவி ஏற்கெனவே கையில் இருக்கிறது. பள்ளியில் செய்யுளுக்குப் பொருள் எழுதும்போது என்ன செய்தோம்? முதலில் பதம் பிரித்தோம், பிறகு கொண்டுகூட்டினோம், அதாவது எழுவாயையும் பயனிலையையும் தேடிப் பிடித்துப் பக்கத்தில் வைத்தோம், பதவுரை எழுதினோம், கடைசியில்தான் பொழிப்புரை. ஒப்பந்தப் பிரிவையும் அப்படியே படிக்கலாம். ஆங்கில ஒப்பந்த வாக்கியத்தின் உயிர் 'ஷேல்' என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு பிரிவில் எத்தனை 'ஷேல்' என்று முதலில் எண்ணுங்கள்; ஒவ்வொன்றுக்கும் யார் எழுவாய் என்று பாருங்கள். 'ஷேல்' என்றால் கடமை, 'மே' என்றால் விருப்பம். உரிமையாளருக்கு எல்லாம் 'மே' என்றும் வாடகைதாரருக்கு எல்லாம் 'ஷேல்' என்றும் இருந்தால், ஒப்பந்தம் யார் பக்கம் சாய்கிறது என்பது ஒரு சொல்லும் மொழிபெயர்க்காமலே தெரிந்துவிடும்.

அடுத்து 'சப்ஜெக்ட் டு', 'நாட்வித்ஸ்டாண்டிங்' என்ற இரண்டையும் வட்டமிடுங்கள். இவை பிரிவுகளுக்குள் யார் பெரியவர் என்று சொல்பவை. 'ஏழாம் பிரிவுக்கு சப்ஜெக்ட் டு' என்றால் ஏழாம் பிரிவு பெரிது, இது அதற்கு அடங்கியது. 'ஏழாம் பிரிவுக்கு நாட்வித்ஸ்டாண்டிங்' என்றால் ஏழாம் பிரிவு என்ன சொன்னாலும் இதுதான் செல்லும். இரண்டையும் மாற்றிப் படித்தால் ஒப்பந்தமே தலைகீழாகும்.

இப்போது ஒன்பதாம் பிரிவைக் கொண்டுகூட்டிப் பார்ப்போம். முதல் நிபந்தனை: வாடகை ஏழு நாளுக்கு மேல் நிலுவை. இரண்டாவது, விளைவு: உரிமையாளர் இடத்தை மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது, அதன் தொடர்ச்சி: அத்துடன் வாடகை உரிமை முடிவுக்கு வரும். நான்காவது, காப்பு வாசகம்: அவ்வாறு முடிந்தாலும், அதற்கு முன் வாடகைதாரர் செய்த மீறலுக்காக வழக்குத் தொடுக்கும் உரிமை உரிமையாளருக்கு இருந்தால், அது பாதிக்கப்படாது. சகோதரி 'பாரபட்சமின்றி' என்று எழுதிய இடம் இந்த 'பாதிக்கப்படாது'தான். 'பிரெஜுடிஸ்' என்பது இங்கே உரிமைக்கு வரும் கேடு. மனத்தில் இருக்கும் சாய்வு அன்று.

இதே சொற்றொடர் இன்னோர் இடத்தில் இன்னொரு வேலை செய்கிறது என்பதையும் கவனியுங்கள். கடிதத்தின் தலைப்பில் 'வித்தவுட் பிரெஜுடிஸ்' என்று மட்டும் தனியே இருந்தால், அது சமரசப் பேச்சுக்காக எழுதப்பட்டது, பிறகு நீதிமன்றத்தில் எழுதியவருக்கு எதிரான சான்றாகக் காட்டக் கூடாது என்பது பொருள். அதற்காக அத்தலைப்பு மந்திரம் அன்று. சமரசத்துக்குத் தொடர்பில்லாத கடிதத்தில் அதைப் போட்டுவிட்டால் காப்பு கிடைத்துவிடாது. நம் மக்கள் மதிப்புக்காகவே எல்லாக் கடிதத்திலும் போட்டுவிடுகிறார்கள்.

ஒன்பதாம் பிரிவின் இரண்டாம் பகுதியைக் கண்டு உங்கள் தந்தையார் அஞ்ச வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். உரிமையாளர் 'மீண்டும் நுழையலாம்' என்று ஒப்பந்தம் சொன்னாலும், 1950ஆம் ஆண்டுக் குறித்த பரிகாரச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, வாடகை முடிந்த பிறகும் ஒருவர் இடத்தில் இருந்தால் அவரை நீதிமன்ற நடவடிக்கையின் வழியாக அல்லாமல் வெளியேற்றக் கூடாது என்கிறது. பூட்டை மாற்றுவதும் மின்சாரத்தைத் துண்டிப்பதும் அந்த வழியாகா. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதெல்லாம் அப்படியே நடந்துவிடும் என்று நினைப்பதும் ஒருவகையில் சொல்லைத் தவறாகப் படிப்பதுதான்.

அகராதி பற்றியும் ஒரு வார்த்தை. நம்மிடம் இலவசமாக ஓர் அகராதி இருக்கிறது, நாம்தான் பயன்படுத்துவதில்லை. நம் நாட்டுச் சட்டங்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் வெளிவருகின்றன. சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்தின் இணையதளத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். இடைநிலைப்பள்ளியை மலாயில் முடித்த நமக்கு, ஆங்கிலத்தில் முகம் மறைத்திருக்கும் சொல் மலாயில் முகத்தைக் காட்டிவிடும். 'கன்சிடரேஷன்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றாட ஆங்கிலத்தில் அது கருதிப் பார்த்தல், கரிசனம். ஒப்பந்தச் சட்டத்தின் மலாய் வாசகத்தில் அது 'பாலாசான்'. கொடுத்ததற்குக் கிடைக்கும் பதில். தமிழில் 'மறுபயன்' என்கிறோம். மறுபயன் இல்லாத உடன்படிக்கை செல்லாது என்பது 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 26ஆவது பிரிவு. அதற்குச் சில விலக்குகள் உண்டு, நெருங்கிய உறவினருக்குள் இயல்பான அன்பின் பேரில் எழுத்தில் செய்யப்படும் உடன்படிக்கை அவற்றில் ஒன்று. தந்தை மகனுக்கு நிலத்தை மாற்றிக் கொடுக்கும் 14ஏ படிவத்தில், மறுபயன் என்ற கட்டத்தில் தொகைக்குப் பதிலாகக் 'காசே சாயாங்' என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். அன்பும் பாசமும் பண மதிப்பு எழுதும் கட்டத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்புத்தான்.

அதே போல் 'வாய்ட்', 'வாய்டபிள்' என்ற இரட்டையர். மலாயில் 'பாத்தால்', 'போலே பாத்தால்'. முதலாவது தொடக்கத்திலேயே செல்லாதது. இரண்டாவது, பாதிக்கப்பட்டவர் விரும்பினால் செல்லாததாக்கிக்கொள்ளலாம், விரும்பாவிட்டால் செல்லுபடியாகத் தொடரும். 'போலே' என்ற ஒரு சொல் அத்தனை விளக்கத்தையும் தாங்கிக்கொள்கிறது.

இறுதியாக, இந்தச் சொற்களைப் பிறப்பித்த இங்கிலாந்திலேயே அவற்றைச் சுமக்க முடியாமல் இறக்கி வைத்தார்கள் என்பது நமக்குச் சற்று ஆறுதல். 1999இல் நடப்புக்கு வந்த புதிய குடிமையியல் விதிகளில் வழக்குத் தொடுப்பவரைக் குறித்த 'பிளெய்ன்டிஃப்' என்ற சொல்லையே எடுத்துவிட்டு எளிய சொல்லாகிய 'கிளெய்மன்ட்' என்பதை வைத்தார்கள். நாம் இன்னும் 'பிளெய்ன்டிஃப்' என்றே எழுதுகிறோம்.


மறுமொழி 3: பட்டர்வொர்த் பெரியவர்

மகளே, மேலே இருவரும் கற்றவர்கள். நான் பட்டுத் தெரிந்தவன். உங்கள் ஒப்பந்தத்தில் பிணையாளர் கையெழுத்து எங்காவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்தப் பக்கத்துக்காகவே எழுதுகிறேன்.

தங்கை மகன் தொழில் தொடங்குவதற்குக் கடன் வாங்கியபோது மூவர் பிணை நின்றோம். 'ஜாயின்ட்லி அண்ட் செவெரலி' என்று எழுதியிருந்தது. 'செவெரல்' என்றால் பலர் என்று பள்ளியில் படித்தது. மூன்று பேர் சேர்ந்து பொறுப்பு, ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று எண்ணிக் கையெழுத்திட்டேன். சட்டத்தில் அது 'தனித்தனியாக' என்று பொருள்படும் என்பது பிறகுதான் தெரிந்தது. கடன் கொடுத்தவர் மூவரையும் சேர்த்தும் கேட்கலாம், ஒருவரை மட்டும் பிடித்து முழுத் தொகையையும் கேட்கலாம். மற்ற இருவருக்கும் நிலையான வேலை இல்லை. யாரைப் பிடித்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

அது முதல் சொல். இரண்டாவது சொல் அதைவிட மோசம். என் மேல் வழக்குப் போட்டதைச் சொல்லும் நீதிமன்ற ரிட் வந்தது. பதினான்கு நாளுக்குள் 'என்டர் அப்பியரன்ஸ்' செய்ய வேண்டும் என்று இருந்தது. நேரில் போய் முகத்தைக் காட்ட வேண்டும் போலும், எந்த நாள் என்று இன்னொரு கடிதம் வரும் என்று காத்திருந்தேன். வெள்ளைச் சட்டையைக்கூடத் தேய்த்து வைத்திருந்தேன். உண்மையில் அது ஒரு படிவம். வழக்கை எதிர்கொள்ளப் போகிறேன் என்று தெரிவிக்கும் ஒரு தாளை நீதிமன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். உடம்பு போக வேண்டியதில்லை, தாள்தான் போக வேண்டும். பதினான்கு நாள் கழிந்ததும், நான் எதிர்க்கவில்லை என்று எடுத்துக்கொண்டு எனக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கிவிட்டார்கள்.

அந்தத் தீர்ப்பின் நகல் கைக்கு வந்த பிறகுதான் ஒரு வழக்கறிஞரிடம் ஓடினேன். அதை நீக்கக் கேட்பதற்கு முப்பது நாள் அவகாசம் உண்டு என்றார். இருபதாம் நாள் மனு போட்டோம். தீர்ப்பு நீங்கியது, கடன் நீங்கவில்லை. பேசித் தவணைக்கு ஒப்புக்கொண்டு இன்று வரை கட்டி வருகிறேன். ஒரு தாளைப் பதிவு செய்திருந்தால் அந்தச் செலவில் பாதி மிஞ்சியிருக்கும்.

பிணையைப் பற்றி இன்னொன்று. படிப்புக் கடன், சொந்த உபயோகத்துக்கான வாகனத் தவணைக் கடன், குடியிருக்கும் வீட்டுக் கடன் ஆகியவற்றுக்கு ஆதாயம் கருதாமல் பிணை நிற்பவரைச் 'சோசியல் கேரன்டார்' என்கிறார்கள். 2017 அக்டோபர் முதல் அத்தகையவரைத் திவாலாக்க முடியாது. கடனுக்காக வழக்குப் போடலாம், திவால் நடவடிக்கை மட்டும் எடுக்க முடியாது. தங்கை மகனுடையது தொழில் கடன் என்பதால் அந்தக் குடை எனக்கு விரியவில்லை. கடை வாடகைக்குப் பிணை நின்றாலும் விரியாது என்றே வழக்கறிஞர் சொன்னார். அப்பாவுக்காக நீங்கள் கையெழுத்திடுவதாக இருந்தால் அதைக் கேட்டுத் தெளிந்த பிறகு இடுங்கள்.


செந்தூல் மகள்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பெரியவர் ஐயா சொன்னதைப் படித்துவிட்டு உடனே கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பிணையாளர் என்ற இடத்தில் என் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்கள். யாரும் என்னிடம் சொல்லவில்லை. அதை நீக்கக் கேட்கப் போகிறேன்.

பதவுரைக்காரர் ஐயா சொன்னபடி நேற்றிரவு 'ஷேல்' எண்ணினேன். வாடகைதாரருக்கு முப்பத்து நான்கு, உரிமையாளருக்கு ஐந்து. அந்த ஐந்தில் ஒன்று 'குவயட் என்ஜாய்மென்ட்' என்பதில் அப்பாவுக்கு மகிழ்ச்சி.

ஒரு பிரிவு மட்டும் இன்னும் நெருடுகிறது. மூன்றாண்டு முடிந்ததும் வாடகைதாரர் மேலும் இரண்டாண்டு நீட்டித்துக்கொள்ளலாம், அதற்கு ஒப்பந்தம் முடிவதற்கு 'நாட் லெஸ் தேன்' மூன்று மாதம் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும், இதில் 'டைம் ஷேல் பீ ஆஃப் தி எசென்ஸ்' என்று இருக்கிறது. 'நேரம் சாரமாக இருக்கும்' என்று நான் எழுதிய பதவுரையைப் பார்த்துத் தம்பி ரசம் வைக்கப் போகிறாயா என்கிறான். மேலும், நீட்டிப்பின்போது வாடகை 'இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் தொகை' என்று இருக்கிறது. இது நமக்குச் சாதகமா?


லைட் தெரு குமாஸ்தா

அம்மா, 'டைம் ஆஃப் தி எசென்ஸ்' என்றால் குறித்த காலம் ஒப்பந்தத்தின் உயிர்நாடி, ஒரு நாள் தவறினாலும் தவறியதுதான் என்று பொருள். சில நாள் தாமதத்தை நீதிமன்றம் பொறுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்கு இந்த ஒரு வரி கதவை அடைத்துவிடுகிறது. ஒப்பந்தம் டிசம்பர் 31இல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். 'நாட் லெஸ் தேன்' என்றால் மூன்று மாதத்துக்குக் குறையக் கூடாது, கூடலாம். ஆகவே செப்டம்பர் 30ஆம் நாளை எல்லைக்கோடாக நினைத்து அதில் போய் நிற்காதீர்கள். ஆகஸ்ட் மாதமே கடிதத்தை எழுதி, பதிவு அஞ்சலில் ஒன்றும் நேரில் ஒன்றும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்கிவிடுங்கள். வாட்ஸாப்பில் அனுப்பிய செய்தி 'எழுத்தில்' அடங்குமா என்பது அறிவிப்பு முறை பற்றிய பிரிவில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. 'நோட்டிஸ்' என்ற தலைப்பில் கடைசி இரண்டு மூன்று பக்கத்துக்குள் இருக்கும்.

வாடகைத் தொகை பற்றிய கேள்விக்கு, இல்லை என்றே சொல்வேன். இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் தொகை என்றால் ஒருவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் தொகையே இல்லை. தொகை இல்லையென்றால் நீட்டிப்பும் கேள்விக்குறிதான். 'அப்போதைய சந்தை வாடகை, ஆனால் இப்போதைய வாடகையைவிட இத்தனை விழுக்காட்டுக்கு மேல் போகாது' என்று உச்சவரம்பு ஒன்றை இப்போதே எழுதக் கேளுங்கள். இதுதான் வழக்கறிஞரிடம் நீங்கள் எடுத்துப் போக வேண்டிய முதல் கேள்வி. செலவு பற்றிய தயக்கம் இருந்தால், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் கோலாலம்பூரிலும் இருக்கிறது, பினாங்கிலும் இருக்கிறது. உங்கள் வருமானத்துக்கு அங்கே உதவி உண்டா என்று ஒரு முறை விசாரித்துப் பாருங்கள்.

இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். ஒப்பந்தத்தின் பின்னால் 'ஷெட்யூல்' என்று கட்டம் கட்டிய பக்கம் இருக்கிறதா? வாடகைத் தொகை, தொடங்கும் நாள், முடியும் நாள், முன்பணம் எல்லாம் பிரிவுகளுக்குள் இருக்காது. 'ஷெட்யூலின் ஆறாம் பகுதியில் கூறியபடி' என்று மட்டும் இருக்கும். எங்கள் அலுவலகத்துக்கு வந்தவர்களில் பலர் பதினேழு பக்கத்தையும் படித்துவிட்டு அந்தப் பக்கத்தைப் படிக்காமல் வந்தார்கள். அதில் ஏதாவது கட்டம் காலியாக இருந்தால், பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும், நிரப்பிய பிறகே அப்பாவைக் கையெழுத்திடச் சொல்லுங்கள்.


செந்தூல் மகள்

இருக்கிறது ஐயா. மூன்று கட்டங்கள் காலி. அவற்றில் ஒன்று முடியும் நாள்.